மேற்கு வெயில்

ஒவ்வோர் ஆண்டும் ஒருநாள் எங்கள் பள்ளித் திடலில் மிதிவண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். கைப்பிடியில் சுற்றிய நெகிழி உறைகூடப் பிரிக்கப்படாத புது வண்டிகள். தம் பெயர் எப்போது அழைக்கப்படும் என்று பதினொன்றாம் வகுப்பு மாணவ மாணவியர் காத்திருப்பார்கள். பெயர் அழைக்கப்பட்டதும் முதலில் அவர்கள் செய்வது மணியை ஒலித்துப் பார்ப்பதுதான். அந்த நாளில் அவர்களிடம் சில நிமிடம் பேசும் பொறுப்பு பெரும்பாலும் தமிழாசிரியையாகிய எனக்கே வரும். முன்பெல்லாம் மிதிவண்டியின் பெருமையை மட்டுமே பேசிவிட்டு அமர்ந்துவிடுவேன். இப்போது அப்படிப் பேச என்னால் முடிவதில்லை. அதற்குக் காரணமான ஒரு மாலைப்பொழுதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கால்வாய்க் கரையில் கற்ற பாடம்

நான் பிறந்து வளர்ந்த ஊர் சேரன்மகாதேவி. ஒருபுறம் தாமிரபரணி, ஊரையொட்டிக் கன்னடியன் கால்வாய், சற்றுத் தொலைவில் கொழுந்துமாமலை. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலை ஊரின் ஊடே போகிறது. அச்சாலையில் கிழக்கே சென்றால் கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடை. மேற்கே சென்றால் மண்பாண்டமும் நாகசுரமும் புகழ்சேர்த்த காருகுறிச்சி. அதற்கும் அப்பால் நெசவாளர் வாழும் வீரவநல்லூர். என் சிறுவயதில் இந்த ஊர்களின் தொழில்கள் எல்லாம் மிதிவண்டியில்தான் நகர்ந்தன. சுருட்டிய பாய்களைச் சுமந்த வண்டி ஒன்று கடந்துபோகும். வைக்கோல் பொதிந்து பானைகளை அடுக்கிய வண்டி ஒன்று எதிரே வரும். நூல்கட்டுடன் மற்றொன்று பின்னால் வரும். சாலையில் அவற்றுக்கு இடம் இருந்தது.

1983ஆம் ஆண்டு எனக்குப் பதின்மூன்று வயது. அப்பாவிடம் உயரமான கறுப்பு வண்டி ஒன்று இருந்தது. இருக்கையில் அமர்ந்தால் எனக்குக் கால் எட்டாது. ஆகவே நடுவிலுள்ள கம்பிக்குக் கீழே வலக்காலை நுழைத்து, உடலை ஒருபக்கமாகச் சாய்த்து, அரைவட்டம் அரைவட்டமாக மிதித்துப் பழகினேன். ‘குரங்குப் பெடல்’ என்று அதற்குப் பெயர். என் ஆச்சிக்கு அது பிடிக்கவேயில்லை.

“ஏட்டி, பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இந்தக் குரங்குச் சேட்டை? விழுந்து கைகால் ஒடிஞ்சா எவன் கட்டுவான்?” என்று திண்ணையிலிருந்து கேட்டுக்கொண்டேயிருப்பார்.

ஆச்சி சொன்னபடியே விழுந்தேன். ஒருமுறை வண்டியோடு கால்வாய்க்குள்ளேயே இறங்கினேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் வண்டியைத் தூக்கிக் கரையேற்றி, வளைந்த மிதிகட்டையை ஒரு கல்லால் தட்டி நிமிர்த்தி, மீண்டும் என் கையில் கொடுத்தார். ஒரு மாதத்திற்குள் நான் கரைநெடுக ஓட்டினேன்.

அந்த வண்டியால் எனக்குக் கிடைத்தது நேரம். நான் மேல்நிலைக் கல்வி பயின்ற காலத்தில் மாலையில் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்கவேண்டும். அதற்கு அஞ்சியே என் தோழியர் பள்ளி மணி ஒலித்ததும் ஓடுவார்கள். நானோ நூலகம் மூடும்வரை இருந்து படித்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்புவேன். நான் தமிழ் முதுகலை படித்ததற்கும் இன்று உங்கள்முன் ஆசிரியையாக நிற்பதற்கும் நூலகத்தில் கழித்த அந்த மாலைகளே காரணம்.

இரு சக்கரங்கள் திறந்த கதவுகள்

உலக வரலாற்றில் மிதிவண்டி இளையது. 1817இல் செருமனியின் கார்ல் டிரைசு உருவாக்கிய வண்டிக்கு மிதியே கிடையாது; காலால் தரையை உந்தித்தான் ஓட்டவேண்டும். 1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாக, சங்கிலியால் பின்சக்கரம் சுழலும் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1888இல் ஜான் பாய்டு டன்லப் காற்றடைத்த சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். தம் மகனின் சிறுவண்டி கரடுமுரடான தரையில் அதிராமல் ஓடவேண்டும் என்னும் விருப்பமே அவரை அம்முயற்சியில் ஈடுபடுத்தியது. இன்று உங்களுக்கு வழங்கப்படும் வண்டியின் அடிப்படை அமைப்பு ஏறத்தாழ அதுவே.

நான் ஆசிரியப் பணிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பிக்கவேண்டும் என்பதில் அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் உறுதியாக இருந்தார். வயலிலும் கல்குவாரியிலும் உழைத்த பல்லாயிரக்கணக்கான பெண்கள் வண்டி ஓட்டக் கற்றனர். குழந்தையை முன்கம்பியில் அமர்த்திக்கொள்ளலாம் என்பதற்காக ஆண்கள் வண்டியையே விரும்பி ஓட்டியவர்களும் உண்டு. கணவனையோ தமையனையோ பேருந்தையோ எதிர்பார்க்காமல் தண்ணீர் எடுக்கவும், விளைபொருளை விற்கவும், குழந்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் அவர்களால் முடிந்தது. கேலி பேசியவர்கள் சில மாதங்களில் ஓய்ந்துபோனார்கள்.

தமிழ்நாட்டில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவியருக்கெனத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பு பயிலும் மாணவ மாணவியருக்கு விரிவடைந்தது. பீகார் மாநிலம் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு இத்தகைய திட்டத்தைக் கொண்டுவந்தது. அதனை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் எண்ணிக்கை அதனால் 32 விழுக்காடு உயர்ந்தது எனக் கண்டறிந்தனர். பள்ளி தொலைவில் இருந்த ஊர்களில்தான் அப்பயன் மிகுதியாக இருந்தது.

இவற்றையெல்லாம் நான் மேடையில் பெருமிதத்தோடு எடுத்துரைப்பேன். மிதிவண்டியை வாங்கிவைத்துவிட்டு மகளை ஓட்டவிடாத பெற்றோரை வீடுதேடிச் சென்று பேசி இசையவைத்ததும் உண்டு. அப்படி நான் சென்ற வீடுகளில் ஒன்று, காருகுறிச்சிப் பக்கம் இருந்த ஒரு மண்பாண்டத் தொழிலாளியின் வீடு.

அந்தப் பங்குனி மாலை

அம்மாணவியின் பெயரை நான் இங்குக் கூறப்போவதில்லை. நன்கு படிப்பாள், மிகக் குறைவாகப் பேசுவாள். அவளுடைய தந்தை முதலில் மறுத்தார். “மெயின் ரோடு டீச்சர், பஸ்ஸும் லாரியுமா போகுது” என்றார். நான் புதுக்கோட்டைக் கதையைச் சொன்னேன். என் கதையையும் சொன்னேன். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் தலையசைத்தார்.

பங்குனி மாதம். பிசான அறுவடை முடியும் காலம். தேர்வு நெருங்கியதால் மாலையில் நான் சிறப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். அன்று வகுப்பு முடிந்தபோது மணி ஐந்தரை. அவள் மேற்கு நோக்கிப் புறப்பட்டாள். கால்மணி நேரம்கூடக் கடந்திராது. செய்தி பள்ளிக்கு வந்தது. சாலையோரத்தில் காயப்போட்டிருந்த நெல்லைச் சுற்றி வைத்த கற்களைத் தவிர்ப்பதற்காக அவள் வலப்பக்கம் விலகியிருக்கிறாள். பின்னால் வந்த சரக்கு வாகனத்தின் பக்கவாட்டுக் கண்ணாடி அவள் தோளில் இடித்திருக்கிறது. வலக்கால் எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொல்லும்வரை மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அவளுடைய தந்தை வந்தார். கையில் காய்ந்த களிமண் அப்படியே இருந்தது. என்மேல் சினம் கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சினம் கொள்ளவில்லை. “நீங்க சொன்னியன்னுதான் டீச்சர் அனுப்பினேன்” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து மருத்துவமனையில் அவரைத் தேற்றும் எண்ணத்தில், “எந்தத் தொழிலில்தான் ஆபத்தில்லை? சூளை வைத்தால் சில பானைகள் வெடிக்கத்தானே செய்கின்றன” என்று வாய்தவறிக் கூறிவிட்டேன். அவர் சற்றுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாலு பானை வெடிச்சா நாளைக்கு நாலு பானை செஞ்சிருவேன், டீச்சர். பிள்ளை பானையில்லையே.”

அந்தச் சொல்லுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. மேடையில் நான் எடுத்துரைத்த எந்தப் புள்ளிவிவரமும் அங்கே பயன்படவில்லை.

சாலையைப் படித்தல்

அடுத்த வாரம் ஒருநாள் மாலை ஐந்தரை மணிக்கு, பல ஆண்டுகளாகத் தொடாதிருந்த என் மிதிவண்டிக்குக் காற்றடித்து, அவள் சென்ற வழியே நானும் சென்றேன். கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லி உங்களுக்குத் தேர்வு வைப்பதுபோல், அந்தச் சாலை எனக்குத் தேர்வு வைத்தது.

முதலில் தெரிந்தது வெயில். பங்குனியில் கதிரவன் ஏறத்தாழ நேர்மேற்கில் மறைகிறது. எங்கள் சாலையும் அவ்விடத்தில் மேற்கு நோக்கியே செல்கிறது. சாலையின் முடிவில் கதிரவனை வைத்துப் பார்ப்பதுபோல் கண்கூசிற்று. எனக்குக் கூசிய கண்தான் பின்னால் வரும் ஓட்டுநருக்கும் கூசும். அவருக்கு முன்னால் செல்லும் மிதிவண்டி ஒளிக்குள் கரைந்த ஒரு நிழல் மட்டுமே.

அடுத்துத் தெரிந்தது சாலையின் ஓரம். தார் முடியும் இடத்திற்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சாண் பள்ளம். சக்கரம் அதில் இறங்கினால் ஏறாது, சாய்த்துவிடும். அதற்கு அஞ்சி மிதிவண்டி ஓட்டுபவர் சற்று உள்ளே வருவார். உள்ளே வந்தால் விரைந்து செல்லும் வாகனத்தின் வழி. ஓரத்தில் நெல்லும் கற்களும் இருந்தால் அந்தச் சிறு இடமும் இல்லை.

மூன்றாவது, வேகம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைக் கண்டு ஓட்டுநரின் கால் தடைக்கட்டையை அழுத்த ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். பிறகு உலர்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் 12 மீட்டர் வேண்டும் எனக் கொண்டால், மொத்தம் 23 மீட்டர். வேகம் 80 ஆனால் அந்த ஒரு நொடியில் 22 மீட்டர் போய்விடும். நிறுத்தும் தொலைவோ இருமடங்காகாமல் நான்கு மடங்காகி 48 மீட்டர் ஆகும். மொத்தம் 70 மீட்டர். ஆறு பேருந்துகளை வரிசையாக நிறுத்திய நீளம். வேகம் இருமடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று உங்கள் இயற்பியல் பாடத்தில் படிக்கிறீர்களே, அந்தச் சமன்பாடு எங்கள் சாலையில் ஒரு பெண்ணின் கால் எலும்பில் எழுதப்பட்டிருந்தது.

நான்காவதாகத் தெரிந்தது என் தவறு. வண்டியில் சமநிலையோடு அமர்வதற்கு மட்டுமே நாங்கள் பிள்ளைகளைப் பழக்கியிருந்தோம். சாலையில் ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. விலகுவதற்கு முன் வலத்தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கவேண்டும், அப்படிப் பார்க்கும்போது கைப்பிடி வளையாதிருக்கப் பழகவேண்டும், கை காட்டவேண்டும், வழி கிடைக்காவிட்டால் வண்டியை நிறுத்திக் கீழே இறங்கவேண்டும். கால்வாய்க் கரையில் கற்ற எனக்கு இவற்றின் தேவை தெரியவில்லை. ஏனெனில் 1983இல் என் பின்னால் பெரும்பாலும் மற்றொரு மிதிவண்டிதான் வந்தது. காலம் மாறியதை உணராமல் என் காலத்துத் துணிச்சலை அவளுக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சாலை யாருக்கு உரியது?

எல்லாவற்றையும் மிதிவண்டி ஓட்டுபவரே பார்த்துக்கொள்ளவேண்டும் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அது நேர்மையன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என நடுவண் அரசின் அறிக்கை கூறுகிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடத்தில் இருந்தது நம் தமிழ்நாடு. சாலையில் மிகக் குறைவான தீங்கு செய்யக்கூடியவர்கள் நடப்பவர்களும் மிதிவண்டி ஓட்டுபவர்களும். மோதல் நேர்ந்தால் மிகுதியாகத் துன்புறுபவர்களும் அவர்களே.

இன்று மிதிவண்டிகளின் நாடு என்று புகழப்படும் நெதர்லாந்தும் தொடக்கத்திலேயே அப்படி இருக்கவில்லை. 1971ஆம் ஆண்டில் அந்தச் சிறிய நாட்டில் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர். அவர்களுள் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளைச் சாலை விபத்தில் இழந்த ஓர் இதழாளர் எழுதிய கட்டுரையைத் தொடர்ந்து, ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’ என்னும் பெயரில் பெற்றோரின் இயக்கம் எழுந்தது. ‘குழந்தைகளே, சாலைக்கு வராதீர்கள்’ என்று அவர்கள் சொல்லவில்லை. சாலையைக் குழந்தைகளுக்கு ஏற்றதாக மாற்றுங்கள் என்று அரசிடம் கேட்டார்கள். தனித்தடங்களும் வேகக் கட்டுப்பாடுகளும் பின்னர்ப் படிப்படியாக வந்தன.

சேரன்மகாதேவியில் எங்களால் அவ்வளவு செய்ய இயலவில்லை. ஆனால் சிலவற்றைச் செய்தோம். சிறப்பு வகுப்பை மாலையிலிருந்து காலைக்கு மாற்றினோம். காலையில் பள்ளிக்குக் கிழக்கு நோக்கி வருபவர்களுக்குக் கண்ணில் வெயில் படுமே என்று ஒரு மாணவன் கேட்டான், நல்ல கேள்வி. ஆகவே எட்டரை மணிக்குமேல், கதிரவன் உயர்ந்தபின் வகுப்பைத் தொடங்கினோம். நெல் காயப்போடும் உழவர்களைச் சந்தித்தோம். “களம் எங்கம்மா இருக்கு? நாங்க எங்க போவோம்?” என்று அவர்கள் கேட்டதும் உண்மைதான். சாலையின் ஒரு பக்கத்தில் மட்டும் காயப்போடவும், முனையில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டவும் ஒப்புக்கொண்டார்கள். சாலையோரப் பள்ளத்தை நிரப்பக் கோரி மாணவர்களே விண்ணப்பம் எழுதினார்கள். ‘அலுவலகக் கடிதம் எழுதுக’ என்னும் வினாவுக்கு அவ்வளவு அக்கறையோடு எழுதப்பட்ட விடையை நான் அதற்குமுன் திருத்தியதில்லை. மூன்றாவது விண்ணப்பத்திற்குப் பின் ஒரு பகுதியில் மண் நிரப்பப்பட்டது.

இன்னொன்றையும் வகுப்பில் சொல்லத் தொடங்கினேன். அன்று அவள் விழுந்து கிடந்தபோது, வழக்கில் சிக்கிக்கொள்வோமோ என்று இருவர் தயங்கி நின்றிருக்கிறார்கள். இன்று அந்தத் தயக்கத்திற்கு இடமில்லை. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவரை மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 134அ பிரிவு காக்கிறது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021 திசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கியது. 108ஐ அழைத்துவிட்டு அவர் அருகில் இருங்கள். உங்களால் முடிந்த முதல் உதவி அதுவே.

மீண்டும் அந்தச் சாலையில்

கோடை விடுமுறை முடிந்து அவள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தாள். நடையில் சிறிய தயக்கம் இருந்தது. தந்தை பேருந்தில் அழைத்து வந்து, பேருந்திலேயே அழைத்துச் சென்றார். நான் மிதிவண்டியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. பேசும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆடி மாதம் ஒருநாள் அவளே என்னிடம் வந்தாள். “டீச்சர், திரும்பிப் பார்க்கும்போது வண்டி வளையாம இருக்க எப்படிப் பழகணும்?” என்று கேட்டாள். பள்ளித் திடலில் சுண்ணாம்புத் தூளால் ஒரு நேர்கோடு போட்டோம். அதன்மேல் ஓட்டிக்கொண்டே, பின்னால் நின்று நான் காட்டும் விரல்கள் எத்தனை என்று அவள் சொல்லவேண்டும். முதல் நாள் கோட்டைவிட்டு இரண்டு முழம் விலகினாள். இரண்டாம் வாரம் கோட்டின்மேலேயே சென்றாள். அந்த வாரம் சனிக்கிழமை அவளுடைய தந்தை திடலின் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் ஒரு மாதம் அவர் தம் பழைய வண்டியில் அவளுக்குப் பின்னால் வந்தார். பிறகு ஒருநாள் அவள் தனியாக வந்தாள். அவர் இசைந்ததற்குக் காரணம் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. என்னை முழுவதும் மன்னித்தாரா என்பதும் தெரியாது. அவளுடைய வண்டியின் பின்புறத்தில் மட்டும், தகரத்தில் ஒட்டிய அகலமான சிவப்பு ஒளிர்வில்லை ஒன்று புதிதாக இருந்தது. அதைச் செம்புக்கம்பியால் அழுத்தமாக முறுக்கிக் கட்டியிருந்தார்.

மாணவர்களே, மிதிவண்டி உங்களுக்கு நேரத்தைத் தரும், உடல்நலத்தைத் தரும், யாரையும் எதிர்பாராமல் போய்வரும் துணிவைத் தரும். இவை அனைத்தும் உண்மை. அந்த வண்டி ஓடும் சாலையில் ஆபத்து இருப்பதும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் நான் உங்களுக்கு ஆசிரியை அல்லேன். நாளை உங்களில் பலர் மகிழுந்தும் பேருந்தும் ஓட்டுவீர்கள். சிலர் சாலை அமைக்கும் பொறியாளர் ஆவீர்கள். அப்போது உங்களுக்கு முன்னால் ஒளியில் கரைந்து செல்லும் சிறிய நிழலை நினைவில் வையுங்கள்.

இப்போதெல்லாம் வண்டி வழங்கும் நாளில் நான் மேடையில் நெடுநேரம் பேசுவதில்லை. திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டுவைத்துவிட்டுக் காத்திருக்கிறேன். மணியை ஒலித்துப் பார்த்து முடித்தபின், ஒவ்வொருவராக வந்து அதன்மேல் ஓட்டிக் காட்டவேண்டும். மேற்கே செல்லும் பிள்ளைகள் மட்டும் அன்று முதலில் ஓட்டி முடித்து, வெயில் சாய்வதற்குள் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.